ரசத்து உப்பு

மீன் தொட்டி விற்கும் ஷேக் பரீத் பாய் உக்கடத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது ஒரு கண்ணாடித் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். வாசலில் நின்ற நஞ்சுண்டன் முதலில் பார்த்தது அதற்கு இரும்புச் சட்டம் இல்லை என்பதைத்தான். பக்கத்துக்கு ஒன்றாக நாலு கண்ணாடி, அடியில் ஒரு கண்ணாடி, மூலைக்கு மூலை ஏதோ வெள்ளைப் பசை. அவ்வளவுதான்.

"ஏனுங் பாய், சட்டம் எங்கீங்க?"

"இப்பெல்லாம் சட்டம் வெக்கறதில்லீங்க பெரியவரே. இது சிலிக்கான். யானை மிதிச்சாலும் விடாது."

"மிதிக்க வெச்சுப் பாக்கறதுக்கு யானைக்கு நா எங்கீங்க போறது?"

பாய் சிரித்தார். நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. அவர் அப்படித்தான். ரேஷன் கடைச் சர்க்கரையை எதிர்க் கடைத் தராசில் ஒரு தரம் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். மீட்டர் பார்க்க வரும் ஆள் எண்ணை எழுதும்போது பின்னால் நின்று தானும் ஒரு தரம் படிப்பார். பீளமேட்டு மில் ஒன்றில், பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் சைசிங் பகுதியில் இருபத்தாறு வருசம் வேலை. மாவில் கலப்படம், மெழுகில் கலப்படம், சூப்பர்வைசர் வாயில் வருவதிலும் பாதி கலப்படம். பார்த்துப் பார்த்து, எதையும் தன் கண்ணால் அளக்காமல் நம்புவதில்லை என்று ஆகிவிட்டது. மில் கேட்டைப் பூட்டி நாலு வருசமாகியும் அந்தக் குணம் மட்டும் தினம் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

மனைவி முத்தாத்தாள் உள்ளிருந்து வந்தாள். தொட்டியை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். "புழக்கடைத் தொவைக்கற கல்லு மேல வெய்யுங்க பாய். அடியில பேப்பர விரிச்சிருக்கறேன். தண்ணி நெறச்சு மூணு நாள் கெடக்கட்டும். பேப்பரு நனையலீன்னா உள்ள எடுத்துக்கலாம்" என்றாள்.

நஞ்சுண்டனுக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. அதைத்தான் அவர் சொல்ல வாயெடுத்தார்.

முத்தாத்தாளுக்கு ஐம்பத்து நாலு வயது. அதே பீளமேட்டில் ஒரு கல்லூரியில், விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஆயா. இருபத்திரண்டு வருசமாகத் தொட்டி கழுவுவது, தவளைத் தட்டுக் கழுவுவது, பார்மலின் ஜாடி துடைப்பது. பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. இந்த ஐப்பசியில் பேராசிரியர் தனபால் சார் பையன்களைக் கூட்டிக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குப் போய் வந்தார். ஆறு கடலோடு சேரும் கழிமுகத்திலிருந்து இரண்டு பேத்தை மீன்களையும் நாலு உளுவைகளையும் உயிரோடு கொண்டுவந்தார். படம் வரைந்து முடிந்ததும் எல்லாவற்றையும் ஜாடியில் போட்டுவிடுவது வழக்கம். ஜாடியைத் துடைத்து நீட்ட வேண்டியவள் அன்றைக்கு நீட்டவில்லை.

"சார், இதுகள நா ஊட்டுக்குக் கொண்டுபோயி வெச்சுக்கறேனுங்க" என்று கேட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருசத்தில் அவள் வாயைத் திறந்து கேட்ட ஒரே பொருள் அது.

தனபால் சார் கெட்டவர் இல்லை. சிரித்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். முதலில் தொட்டியைத் தயார் செய்யட்டும், அதுவரை மீன்கள் கல்லூரியில் இருக்கட்டும். கொண்டுபோன பிறகு மூன்று வாரம். இருபத்தோராம் நாள் அவரே வந்து பார்ப்பார். ஆறும் நன்றாக இருந்தால் அவளுக்கே. அதற்குள் ஒன்று சாய்ந்தாலும் ஆறையும் கொண்டுவந்துவிட வேண்டும், அழுகிப்போனால் ஜாடிக்கு ஆகாது. "நானே இதுகளை ஒரு மாசம் வெச்சுக் காப்பாத்துனதில்லீங்க ஆயா" என்றும் சொன்னாராம்.

வீட்டில் இதைச் சொன்னபோது நஞ்சுண்டன், "செத்துப்போனா பழி உன்ற தலையில. அதுக்குத்தான் குடுக்கறான்" என்றார். அவள் சோற்றைப் பிசைந்தாள்.

மூன்று நாள் கழித்தும் பேப்பர் நனையவில்லை. நஞ்சுண்டன் குனிந்து நாலு பக்கமும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தூக்க விட்டார். அதன் பிறகு நடந்ததை அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றை அடியில் வைத்தாள். அதன் மூலையிலிருந்து ஒரு குழாய் மேலே வந்தது. காற்றுப் பம்பு ஊதினால் அந்தக் குழாய் வழியாக நீர் மேலே ஏறும், மேலே இருப்பது கல்லுக்குள் இறங்கும் என்றாள். தட்டின் மேல் கிளிஞ்சல் பொடி. கோழித் தீவனக் கடையில் முட்டைக் கோழிக்கு என்று விற்பது. அதை ஏழு தண்ணீரில் அலசினாள். அதன் மேல் பொடிக் கல், அதையும் அலசினாள். கடைசியில் ஒயர் கூடைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். கறுப்பாக, வழவழவென்று இரண்டு கைப்பிடிக் கல்.

"சீ, இது என்ன சாக்கடையில அள்ளுனதாட்ட? கழுவிப் போடு."

"கழுவக் கூடாதுங்க மாமா. லேப் தொட்டியில மூணு வருசமாக் கெடந்த கல்லு. இந்த அழுக்குத்தான் மீனோட பீயத் திங்கற அழுக்கு. இது இல்லீன்னா புதுத் தொட்டியில மீனு அதோட மூத்தரத்துலயே செத்துப்போகும்."

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லலீங். ஆரம்பத்துல நானும் எல்லாத்தையும் தேச்சுத் தேச்சுக் கழுவுவேன். பளபளன்னு கழுவுன வாரத்துல எல்லாம் மீனு சாகும். சோம்பேறித்தனமா உட்ட வாரத்துல பொழைக்கும். நாலஞ்சு வருசம் பாத்தேன்."

சைசிங்கில் புளித்த கஞ்சியில் கொஞ்சம் மிச்சம் வைத்து அடுத்த கஞ்சிக்குப் போடும் கிழட்டு மேஸ்திரி ஒருவர் இருந்தார். நஞ்சுண்டனுக்கு அவர் ஞாபகம் வந்தது. அந்த ஆளை மட்டும்தான் அவர் மில்லில் நம்பியிருந்தார்.

தண்ணீர்தான் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தெருமுனை அடி பம்பிலிருந்து உப்புத் தண்ணீரைச் சுமந்து வந்தாள். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், மாடே முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பும் தண்ணீர். அதில் இன்னும் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தாள். இன்னும் ஒரு பிடி. மறுபடி நாக்கு.

"எவ்வளவுன்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"ரசத்துக்கு எவ்வளவு உப்பு இருக்கோணுமோ அவ்வளவு. சாரு லேப்புல ஒரு மிசினு வெச்சுப் பாப்பாருங்க. பாத்து முடிச்சுட்டுப் போனதீம் நா நாக்குல வெச்சுப் பாப்பேன். எல்லா நாளும் ரசந்தான்."

"உன்ற ரசத்துக்கு உப்புப் பத்துனா இந்த மீனு தப்பிச்சுது போ."

"நாப்பது வருசமா அதத் தின்னுபோட்டுத்தான் கட்டில்ல உக்காந்து நொட்டை சொல்றீங்."

ஒரு வாரம் மீனில்லாமல் வெறும் தொட்டி ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் மீன்கள் வந்தன. பாலிதீன் பையோடு நீரில் மிதக்கவிட்டு, பையின் வாயைத் திறந்து, கால் டம்ளர் கால் டம்ளராகத் தொட்டித் தண்ணீரை உள்ளே விட்டு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த ஒன்றரை மணி நேரமும் அவளுடைய காப்பி ஆறிப்போய்க் கிடந்தது.

பேத்தை மீனை நஞ்சுண்டன் அதுவரை பார்த்ததில்லை. எலுமிச்சங்காய் அளவு. முதுகு பச்சை, அதில் கறுப்புப் புள்ளி, வயிறு வெள்ளைவெளேர் என்று. உடம்பை ஆட்டாமல் சின்னச் சிறகுகளை மட்டும் படபடவென்று அடித்து, முன்னாலும் போனது, பின்னாலும் போனது. ஒரு கண் மேலே பார்த்தது, ஒரு கண் கீழே பார்த்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கும் கண்ணை அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஏமாற்ற முடியாத ஜீவன். உளுவைகள் வேறு ஜாதி. தரையில் வயிற்றை வைத்து உட்கார்ந்துகொண்டு, தலையைத் தூக்கி, வேலையில்லாத மில்காரன்களைப் போல வேடிக்கை பார்த்தன. பேத்தை வந்து வாலைக் கடித்தால் புகுந்துகொள்ள ஆளுக்கொரு உடைந்த ஓடு போட்டிருந்தாள் முத்தாத்தாள். எந்த உளுவை எந்த ஓட்டுக்கு என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

கல்லூரியிலிருந்து வரும் வழியில் சிங்காநல்லூர்க் குளத்தோரம் இறங்கி, நத்தை பொறுக்கி வருவாள். பேத்தைக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், கடினமாக எதையாவது கடித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாமல் பட்டினி கிடந்தே செத்துப்போகுமாம். பேத்தை நத்தை ஓட்டை உடைக்கும் சத்தம் கட்டில்வரை கேட்டது. "நமக்குப் பல்லு உழுந்து சாகறோம், அதுக்குப் பல்லு வளந்து" என்றார் நஞ்சுண்டன். வெயிலில் தண்ணீர் விரற்கடை குறைந்தால் அவள் உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்றினாள். நீர்தான் ஆவியாகப் போகிறது, உப்பு அங்கேயேதான் இருக்கிறது என்றாள். கொதிக்கும் கஞ்சிக் கொப்பரைக்கு அவர் இருபத்தாறு வருசம் செய்த வேலை அது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரியாமல் இருந்தது நான்தான் என்று ஆகிவிடும்.

ஆனால் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பால்காரரிடம், சலூனில், கூட்டுறவுச் சங்க வாசலில். "எங்கூட்டுல பேத்த மீனு இருக்குதுங்க. கடல்லயும் இல்லாம ஆத்துலயும் இல்லாம நடுவால இருக்கற மீனு. புரொபசருக்கே வராத வேலை" என்பார். முத்தாத்தாள் காதில் விழுகிற தூரத்தில் மட்டும் சொல்லமாட்டார்.

பதினெட்டாம் நாள் கிணத்துக்கடவில் சொந்தத்தில் ஓர் உறம்பரை வீட்டில் காதுகுத்துச் சீர். முத்தாத்தாள் விடியற்காலையில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். "பொழுதோட வந்துருவேன். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாமுங்க. தொட்டிக்குள்ள கைய மட்டும் வெக்காதீங்" என்றாள்.

பத்து மணிக்குக் குடிதண்ணீர்க் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. ஐந்து நாளைக்கு ஒரு தரம் வருவது அன்றைக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்தது. நஞ்சுண்டன் முதல் ஆளாகக் குடத்தை வைத்தார். சிறுவாணி என்றால் அவருக்கு வேறு பேச்சே கிடையாது. உலகத்தில் எந்தத் தண்ணீரையும் அதோடு சேர்த்துப் பேசவிடமாட்டார். ஒரு சொம்பு யாராவது கேட்டால் முகம் பார்த்துத்தான் கொடுப்பார். நாலு குடம் பிடித்து உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பெரிய பேத்தை கண்ணாடியோடு ஒட்டி நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீர் லேசான மஞ்சளாக இருந்தது. மாடு குடிக்காத தண்ணீர். அதிலே உப்பு வேறு. பதினெட்டு நாளாக வாயில்லா ஜீவன்கள் அதற்குள்ளேயே கிடக்கின்றன.

ஒருத்தருக்கும் எதையும் சும்மா கொடுக்காத மனுசர் அவர். அன்றைக்கு ஏனோ மனசு இளகிவிட்டது. தொட்டியிலிருந்து பாதித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு வெளியே ஊற்றினார். இரண்டு குடம் சிறுவாணியை, முதல் பிடி, பளிங்கு மாதிரி இருந்ததை, உள்ளே ஊற்றினார். பிளீச்சிங் வாடை கொஞ்சம் வந்தது. சுத்தம் என்றால் அந்த வாடை இருக்கத்தானே செய்யும்? தொட்டி பளிச்சென்று ஆனது. "குடிங்கடா சாமிகளா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

மூன்று மணிக்கு எழுந்து பார்த்தபோது பேத்தைகளின் வயிறு கறுத்திருந்தது. சாம்பல் இல்லை, அடுப்புக் கரி. சிறியது ஒரு மூலையில் வாலை மடித்துக்கொண்டு கிடந்தது. உளுவைகள் ஓட்டை விட்டு வெளியே வந்து, மேல்மட்டத்துக்குப் போய், வாயைத் திறந்து திறந்து மூடின. நஞ்சுண்டன் பம்பைத் தட்டிப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஒன்று சாய்ந்தால் ஆறும் ஜாடிக்கு. அவள் இருபத்திரண்டு வருசத்தில் கேட்ட ஒரே பொருள்.

நாலரை மணிக்கு முத்தாத்தாள் வந்தாள். சீர்ப் பையைக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்று பார்த்தாள்.

"தண்ணி ஆருங்க மாத்துனது?"

"எனக்கென்ன தெரியும்? மத்தியானம் கரண்டு போச்சு. பம்பு நின்னுபோச்சாட்ட இருக்குது."

அவள் மூலையில் இருந்த குடங்களைப் பார்த்தாள். நாலில் இரண்டு காலி. சுண்டுவிரலைத் தொட்டிக்குள் விட்டு நாக்கில் வைத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு அவள் முகம் மாறியதைத்தான் நஞ்சுண்டனால் தாங்க முடியவில்லை.

"வெத்தலைல சுண்ணாம்பு கூடிப்போச்சுங்க. நாக்கு வெந்து கெடக்குது. ஒண்ணுந் தெரியலீங்க மாமா."

எதற்கும் கலங்காதவள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாற்றுவதற்கென்று முன்பே கலந்து வைத்த தண்ணீர் ஒரு பக்கெட்தான் இருந்தது. இன்னும் மூன்று பக்கெட் வேண்டும். உப்புக் குறைந்தாலும் போச்சு, கூடினாலும் போச்சு.

நஞ்சுண்டன் உள்ளே போனார். டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தார். ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குச்சி, அடியில் குண்டு, உள்ளே கோடு கோடாக எண். மில்லில் டுவாடில் என்பார்கள். தண்ணீரில் மிதக்க விட்டால், கலவை எவ்வளவு கனம் என்று எந்தக் கோட்டில் நிற்கிறதோ அது சொல்லும். முன்பே கலந்திருந்த பக்கெட்டில் விட்டார். ஆடியது, நின்றது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்.

"ஒண்ணரை. உன்ற ரசம் ஒண்ணரை. நீ கலக்கு, நா பாக்கறேன்."

"இது எங்கீங்க இருந்துச்சு?"

"மில்லுல."

"கேட்டா எடுத்தாந்தீங்?"

அவர் குச்சியை வேட்டியில் துடைத்தார். அவள் பட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அடி பம்புக்குப் போனாள். முதல் பக்கெட்டில் கல்லுப்பை மூன்று பிடி போட்டாள், பிறகு அரைப் பிடி, கரையக் கரையக் கலக்கினாள். அவர் குச்சியை விட்டார். ஒன்றரை. இரண்டாவது பக்கெட், மூன்றரைப் பிடி. ஒன்றரை. மூன்றாவதில் மூன்றரைப் பிடி போட்டவள் கொஞ்சம் யோசித்து, இன்னும் நாலு கல்லை விரலால் கிள்ளிப் போட்டாள்.

"அதென்னத்துக்கு?"

"இந்தப் பக்கெட்டு சித்த பெருசுங்க."

மூன்று பக்கெட்டும் ஒன்று போலத்தான் அவருக்குத் தெரிந்தன. குச்சியை விட்டார். அது மேலும் கீழுமாக ஆடி, ஆடி, அதே நடுவில் வந்து நின்றது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். மயிரிழை மாறவில்லை. வெந்துபோன நாக்கு, அளவில்லாத கைப்பிடி. இருபத்தாறு வருசத்தில் குச்சி வைத்துக்கொண்டே கஞ்சியில் கோட்டைவிட்ட எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார். அதில் அவரும் உண்டு.

"முத்தா" என்றார். "சைசிங்கு மொத்தத்துலயும் இப்பிடி ஒரு கை இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வருசத்தில் கேட்காத பேச்சு. நம்பலாமா என்று யோசிப்பவள் போல இருந்தது.

"இதக் கேக்காமத்தான் எடுத்தாந்தேன். மில்லு கேட்டப் பூட்டுன அன்னைக்கு. வேட்டிக்குள்ள சுத்தி" என்றார். சொன்ன வேகத்திலேயே அடுத்ததும் வந்துவிட்டது. "தண்ணி மாத்துனதும் நாந்தான். சிறுவாணி."

"தெரியுமுங்."

"எப்பிடி?"

"இந்த ஊட்டுல சிறுவாணிக் கொடத்தத் தொடறதுக்கு வேற ஆருக்குங்க தெகிரியம்? குளிக்கறதுக்கு ஒரு சொம்பு கேட்டா என்னிய மொறைச்சீங்க. பேத்தைக்கு ரெண்டு கொடம்!" அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அது ரொம்ப மெதுவான, உப்பேயில்லாத தண்ணிங்க மாமா. நமக்கு ஆகும். இதுகளுக்கு அதுல பிடிமானம் இல்ல. பிளீச்சிங்கு வாடை பம்பு ஓட்டத்துல இந்நேரம் போயிருக்கும். உப்பத்தான் மெள்ள மெள்ள ஏத்தோணும். ஒரேயடியா ஊத்துனா இருக்கற உசுரும் போயிரும்."

ஒரு டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஒரு டம்ளர் வெளியே எடுக்க வேண்டும், ஒரு டம்ளர் உள்ளே விட வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிசத்துக்கு ஒன்று.

"கைய வெக்கக் கூடாதுன்னியே."

"இப்ப வெய்யுங்க. எனக்கு நிக்க முடியலீங்."

அவள் சேலையைக்கூட மாற்றாமல் சுவரோரம் பாயில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு சீராக வந்தது. நஞ்சுண்டன் ஸ்டூலைத் தொட்டியோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு டம்ளர் எடுத்தார். ஒரு டம்ளர் விட்டார். கண்ணாடியோரமாக, சத்தமில்லாமல், நூல் போல விட்டார். மேலே வாயைத் திறந்துகொண்டிருந்த உளுவைகளில் ஒன்று கீழே இறங்கித் தன் ஓட்டுக்குள் போனது. மற்ற மூன்றும் போகவில்லை. பெரிய பேத்தை வந்து, விழுகிற தண்ணீருக்கு அடியில் நின்றது.

மூலையில் கிடந்த சின்னது பன்னிரண்டாவது டம்ளருக்குச் சிறகை அசைத்தது. தரையிலிருந்து ஒரு விரற்கடை எழுந்து, சாய்ந்து, மறுபடி எழுந்தது. அதன் ஒரு கண் சுழன்று அவர் பக்கம் வந்து நின்றது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அதன் வயிறு வெளுக்கிறதா, இருட்டில் எல்லாம் ஒரே நிறமாகிறதா என்று அவருக்குப் புரியவில்லை. ஸ்விட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைப் போடவில்லை. கடிகாரத்தின் முள்ளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அடுத்த டம்ளரைப் பக்கெட்டுக்குள் அமிழ்த்தினார்.